அட்டிக்கில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாமா? ஹூஸ்டன் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டன், கேட்டி, சுகர் லேண்ட், பியர்லேண்ட் வட்டாரத்தில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் கோடை பிறந்ததும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காங்கிரீட் தளம் போட்ட வீட்டில் வளர்ந்த நமக்கு, சீலிங்குக்கும் சரிந்த கூரைக்கும் நடுவே ஆள் குனிந்து போகுமளவு ஒரு வெற்றிடம், அதாவது அட்டிக், இருப்பதே புதிது. அங்கே ஒரு ஃபேனை வைத்தால் மின்கட்டணம் பாதியாகிவிடும் என்று வீடு தேடி வந்து சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஃபேன் கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்குச் செலவு குறைவு, பலன் அதிகம்.

கோடையில் அட்டிக் எவ்வளவு சூடாகும்?

கருநிற ஷிங்கிள் (கூரையின் மேல் வரிசையாகப் பதிக்கும் தார் ஓடுகள்) போட்ட கூரையின் கீழ், ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் அட்டிக் காற்று 130 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடுவது சாதாரணம். சில வீடுகளில் 150 வரை ஏறும். செல்சியஸில் சொன்னால் 54 முதல் 66 வரை. வெயில் ஷிங்கிளைச் சுடுகிறது. ஷிங்கிள் தன் அடியில் உள்ள பலகையைச் சுடுகிறது. அந்தப் பலகை வெப்பத்தைக் கதிராகக் கீழ்நோக்கி வீசுகிறது. விறகடுப்பின் அருகே நின்றால், காற்று வீசினாலும் முகம் காந்துமே, அதே கதைதான். ஃபேன் காற்றை மாற்றும், கதிர்வீச்சை நிறுத்தாது. கதிர்வீச்சுக்கு மறிப்பு, சீலிங்கின் மேல் பரப்பிய இன்சுலேஷனும் கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கும் அலுமினியத் தாளும்தான். டெக்சஸில் அண்மைக் காலத்தில் கட்டிய பல வீடுகளில் அந்தத் தாள் பலகையோடு சேர்ந்தே வருகிறது. அட்டிக்கில் டார்ச் அடித்து மேலே பாருங்கள். வெள்ளியாக மின்னினால் உங்கள் வீட்டில் அது இருக்கிறது.

ஃபேன் வைத்தால் ஏ.சி. செலவு குறையுமா?

கொஞ்சம் குறையும். விற்பவர்கள் சொல்லும் அளவுக்குக் குறையாது. ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சோலார் அட்டிக் ஃபேன் பொருத்திய வீட்டில் கோடைப் பிற்பகலின் அட்டிக் வெப்பம் 20 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இறங்கியது. ஆனால் குளிரூட்டும் செலவில் மிச்சமானது சுமார் 6 சதவீதம்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 460 யூனிட்.

இப்போது மின்சாரத்தில் ஓடும் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். 300 வாட் மோட்டார் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். மே முதல் செப்டம்பர் வரை 150 நாள் என்றால் 360 யூனிட். மிச்சமாகும் 460-இல் 360-ஐ ஃபேனே தின்றுவிட்டால் கையில் நிற்பது என்ன? இந்தக் கணக்கை உங்கள் மின்கட்டண ரசீதை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் இந்த ஃபேன் யாருக்குத்தான் தேவை?

கூரையின் அமைப்பால் காற்று தானாக வெளியேற வழியில்லாத வீடுகளுக்குத் தேவை. நாலு பக்கமும் சரியும் கூரையில் முகடு மிகக் குட்டையாக இருக்கும். முகட்டு நெடுக விடும் ரிட்ஜ் வென்டுக்கு அங்கே இடம் கிடைக்காது. இரு சரிவுக் கூரையின் பக்கவாட்டில் எழும் முக்கோணச் சுவரும் இருக்காது. அப்படிப்பட்ட கூரையில் சூடு தேங்கும். அடுத்து, ஏ.சி.யின் குளிர்க்காற்று டக்டுகளெல்லாம் அட்டிக் வழியாக ஓடும் பழைய வீடுகள். ஹூஸ்டனில் இதுதான் பெரும்பான்மை. 55 டிகிரியில் புறப்படும் காற்று, 130 டிகிரி சூட்டின் நடுவே மெல்லிய உறைபோட்ட குழாயில் போகிறது. அட்டிக் 20 டிகிரி தணிந்தால் அங்கே ஒரு பயன் உண்டு.

இரண்டு வகை வீட்டுக்கும் ஒரே நிபந்தனை: சீலிங் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரப் போதுமான வழி இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஃபேனை ஓட்டினால், நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த வீட்டுக் காற்றைச் சீலிங் ஓட்டைகள் வழியே உறிஞ்சி வெளியே கொட்டும். அந்த இடத்தை நிரப்ப ஈரமான வெளிக்காற்று கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாக வீட்டுக்குள் நுழையும். ஏ.சி. இரட்டை வேலை செய்யும். நீங்கள் இரண்டுக்கும் பணம் கட்டுவீர்கள்.

ஃபேனுக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

ஓட்டைகளை அடைப்பது முதல் வேலை. சீலிங்கில் பதித்த விளக்குகளின் ஓரம், குளியலறை ஃபேன் பெட்டியைச் சுற்றி, கழிவுநீர்க் காற்றுக்குழாய் மேலே ஏறும் துளை, ஒயர் இறங்கும் துளைகள், இழுத்து இறக்கும் அட்டிக் ஏணியின் சட்டம். இந்த ஏணி மூடிதான் பல வீடுகளில் ஆகப் பெரிய ஓட்டை. மெல்லிய பலகை ஒன்றுதான் உங்கள் கூடத்துக்கும் 130 டிகிரிக்கும் நடுவில் நிற்கிறது. சட்டத்தைச் சுற்றி நுரைப்பட்டை ஒட்டி, மேலே இன்சுலேஷன் உறை ஒன்றை வாங்கிக் கவிழ்த்துவிடுங்கள்.

சிறு துளைகளுக்கு ஸ்பிரே நுரை போதும். ஆனால் கேஸில் எரியும் கலன்களின் (வாட்டர் ஹீட்டர், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்) புகைக்குழாயைச் சுற்றி நுரை அடிக்கவே கூடாது. தகரத் தகடும் சூடு தாங்கும் பூச்சும் கொண்டு அடைக்க வேண்டும். பழைய பதி விளக்குகளில் இன்சுலேஷன் மேலே படலாம் என்பதற்கான ‘ஐ.சி.’ முத்திரை இல்லையென்றால் 3 அங்குலம் விலக்கி வைக்க வேண்டும். அதற்குப் பதில் புது எல்.இ.டி. விளக்காக மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது டக்டுகள். இணைப்புகளில் கையை வைத்துப் பாருங்கள், குளிர்க்காற்று படுகிறதா? துணி டேப் அட்டிக் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். மாஸ்டிக் எனப்படும் பசையைத் தூரிகையால் பூசி அடையுங்கள்.

பிறகு இன்சுலேஷன். ஓர் அளவுகோலைச் செருகிப் பாருங்கள். ஊதிப் பரப்பிய கண்ணாடி இழை 6 அங்குலம்தான் இருக்கிறதென்றால், ஃபேனுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே இதில் போடுங்கள். வெப்பத்தைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ என்ற எண்ணால் சொல்வார்கள்; ஆர்-38 அளவுக்குச் சுமார் 15 அங்குலம் வேண்டும். காகித நாரான செல்லுலோஸ் என்றால் 11 அங்குலம் போதும். இது ஒருமுறைச் செலவு. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது, பகலிரவு இரண்டிலும் வேலை செய்யும்.

கடைசியாக, இறவாணத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் சோஃபிட் வென்டுகள். வெளியிலிருந்து பார்க்க வரிசையாக இருக்கும். உள்ளே இன்சுலேஷன் தள்ளி அடைத்திருக்கும். சில வீடுகளில் பெயின்ட் அடித்தே துளைகளை மூடியிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அட்டிக் விளக்கை அணைத்துவிட்டு ஓரங்களைப் பாருங்கள். கைமரங்களுக்கு இடையே வெளிச்சக் கீற்று தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. தெரியாத இடங்களில் இன்சுலேஷனைப் பின்னுக்கு இழுத்து, காற்று போக பேஃபிள் என்னும் பிளாஸ்டிக் தடுப்பைக் கைமரங்களுக்கு நடுவே அடிக்க வேண்டும்.

சீலிங்கில் காற்று கசிவதை நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஓர் ஊதுபத்தி போதும். ஏ.சி.யை நிறுத்தி, கதவு சன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை ஃபேன்களை அணைத்துவிடுங்கள். அட்டிக் ஃபேன் ஏற்கெனவே இருந்தால் அதை ஓடவிடுங்கள். ஊதுபத்தியைப் பதி விளக்கின் விளிம்பிலும் ஏணி மூடியின் இடுக்கிலும் பிடியுங்கள். புகை நேராக எழும்பினால் கவலையில்லை. விளிம்பை நோக்கி வளைந்து உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

பிற்பகலில், தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை அறைக்குள்ளிருந்து சீலிங்கை நோக்கிக் காட்டிப் பார்ப்பதும் பயன் தரும். அறை 76 டிகிரியும் சீலிங்கின் ஒரு மூலை மட்டும் 85-உம் காட்டினால், அதற்கு மேலே இன்சுலேஷன் கலைந்திருக்கிறது.

கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. ஃபேன் வைக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஹூஸ்டனில் பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டரும் ஃபர்னஸும் அட்டிக்கிலேயே நிற்கின்றன. பழைய வகைகளில் புகை தன் சூட்டால் தானே மேலேறிக் குழாய் வழியே வெளியேற வேண்டும். அதைத் தள்ள எந்த இயந்திரமும் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டிக் காற்றை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறையும். போதுமான வெளிக்காற்று வர வழியில்லையென்றால் அந்தப் புகைக்குழாய் வழியாகவே காற்று கீழிறங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடும் இறங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொல்லும்.

வாட்டர் ஹீட்டரும் அட்டிக் ஃபேனும் ஒருசேர ஓடும்போது, ஹீட்டர் தலையில் உள்ள புகைக்கூம்பின் ஓரத்தில் ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பாருங்கள். புகை கூம்புக்குள் இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் ஃபேனை உடனே நிறுத்திப் பிரேக்கரையும் இறக்கிவிட்டு, லைசென்ஸ் பெற்ற பிளம்பரையோ ஏ.சி. டெக்னீஷியனையோ அழையுங்கள். சோதனை சரியாக இருந்தாலும் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். மூடிய அறையில் எரிந்து தன் ஃபேனால் புகையை வெளியே தள்ளும் புது வகைக் கலன்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

எவ்வளவு பெரிய ஃபேன் வாங்க வேண்டும்?

ஃபேனின் திறனை சி.எஃப்.எம். என்று போட்டிருப்பார்கள்; நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றைத் தள்ளும் என்பது அதன் பொருள். அட்டிக் தரையின் சதுர அடியை 0.7-ஆல் பெருக்குங்கள். கூரை கருநிறமாகவோ செங்குத்தாகவோ இருந்தால் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

2,800 சதுர அடி மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். அட்டிக் தரை அத்தனை இருக்காது. மேல்மாடியின் பரப்பைத்தான் அளக்க வேண்டும். அது 1,500 என்றால், 1,500 பெருக்கல் 0.7, வருவது 1,050. கருநிறக் கூரைக்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 1,200 சி.எஃப்.எம். கடையில் 1,600 இருக்கிறது, விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்று அதை எடுக்காதீர்கள். ஃபேன் பெரிதாக ஆக, அது கேட்கும் காற்று கூடும். அந்தக் காற்று வெளியிலிருந்து வரவில்லையென்றால் உங்கள் படுக்கையறையிலிருந்து வரும்.

காற்று உள்ளே வர எவ்வளவு வழி வேண்டும்?

ஒவ்வொரு 300 சி.எஃப்.எம்.-க்கும் ஒரு சதுர அடி திறப்பு. மேலே சொன்ன 1,200-க்கு நான்கு சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். இது வலையும் சட்டமும் போக மிஞ்சும் உண்மையான திறப்பு. வென்டின் வெளி அளவு கணக்கில் வராது. 16-க்கு 8 அங்குல சோஃபிட் வென்ட் ஒன்றில் உண்மைத் திறப்பு 56 சதுர அங்குலம் அளவில்தான் இருக்கும். அப்படியானால் பத்துப் பதினொன்று வேண்டும். நீள் பட்டை வகை என்றால் ஓர் அடிக்கு 9 சதுர அங்குலம் என்று வைத்து, 64 அடி நீளம். எத்தனை இருக்கின்றன என்று வீட்டைச் சுற்றி நடந்து எண்ணுங்கள். எண்ணிக்கை பற்றவில்லையென்றால், ஃபேன் வாங்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஃபேனே இல்லாத அட்டிக்குக்கு அமெரிக்க வீட்டுக் கட்டடச் சட்டம் கேட்பது தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு. அதில் 40 முதல் 50 சதவீதம் முகட்டருகிலும் மீதி இறவாணத்திலும் இருந்தால், நம் வட்டாரத்தில் 300-இல் ஒரு பங்கு போதும். 1,500 சதுர அடிக்கு ஐந்து சதுர அடி. இந்த அளவைச் சரியாக அமைத்தாலே பல வீடுகளில் ஃபேன் என்ற பேச்சே எழாது.

கூரையில் வைப்பதா, முக்கோணச் சுவரில் வைப்பதா?

முக்கோணச் சுவர் இருந்தால் அங்கேதான் வைப்பேன். கூரையில் ஓட்டை போட வேண்டியதில்லை. சுவரில் இருக்கும் லூவருக்கு (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) பின்னாலேயே பொருத்திவிடலாம். புயல் பாதையில் இருக்கும் ஊர் இது. 2017-இல் ஹார்வி, 2024 ஜூலையில் பெரில். பக்கவாட்டில் அடிக்கும் மழை கூரையின் எந்தத் திறப்பையும் விட்டுவைக்காது. கூரையில் ஒரு துளை குறைந்தால் ஒரு கவலை குறையும்.

சுவரே இல்லாத நாலு சரிவுக் கூரைக்குக் கூரை ஃபேன்தான் வழி. தெருப் பக்கம் தெரியாமல் பின்சரிவில், முகட்டுக்கு அருகே வைப்பார்கள். குடியிருப்புச் சங்கத்தின் எழுத்துவழி ஒப்புதலை முதலில் வாங்கிவிடுங்கள்.

சோலார் ஃபேன் நல்லதா?

மின்கட்டணம் ஏறாது, ஒயர் இழுக்க வேண்டாம், வெயில் ஏற ஏற வேகமும் ஏறும். ஆனால் 20 வாட் தகடு போட்ட ஃபேனில் 1,200 சி.எஃப்.எம்.-ஐ எதிர்பார்க்க முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் எண் உச்சி வெயிலுக்கு உரியது. ஹூஸ்டனில் அட்டிக் உச்சச் சூட்டை எட்டுவது பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு. ஆகவே தகடு தெற்கோ மேற்கோ பார்க்க வேண்டும். மர நிழல் விழும் கூரைக்கு வாங்காதீர்கள். விலையைப் பார்த்து வாயைப் பிளக்கவைக்கும் தொகுப்புகளை வீட்டு வாசலில் விற்கிறார்கள். அதே பணத்தில் இன்சுலேஷன் போட எவ்வளவு ஆகும் என்று இன்னொருவரிடம் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ரிட்ஜ் வென்ட் ஏற்கெனவே இருக்கிறது. கூடவே ஃபேனும் வைக்கலாமா?

வேண்டாம். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஃபேனுக்கு நாலடியில் முகட்டுத் திறப்பு இருக்கும்போது, முப்பதடி தள்ளி இருக்கும் சோஃபிட்டிலிருந்து காற்று ஏன் வரப்போகிறது? முகட்டின் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அதையே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மழை நாளில் கூடவே தண்ணீரையும் இழுக்கும். எதிர்ப்பக்க முக்கோணச் சுவரின் லூவர் தொலைவில் இருப்பதால் காற்று வரும் வழியாகப் பயன்படலாம். ஃபேனுக்கு அருகில் இருக்கும் திறப்புகளைப் பலகை வைத்து அடைக்க வேண்டும்.

ஃபேனின் தெர்மோஸ்டாட்டை எந்த அளவில் வைப்பது? ஈரமானி தேவையா?

110 டிகிரியில் வையுங்கள். 90-இல் வைத்தால் ஹூஸ்டன் கோடையில் வெளிக்காற்றே அதைத் தாண்டியிருக்கும். ஃபேன் காலை முதல் இரவு வரை வீணாகச் சுழலும்.

ஈரப்பதம் கூடினால் ஃபேனை ஓட்டும் ஹியூமிடிஸ்டாட் குளிர் நாடுகளுக்காகப் பிறந்தது. இங்கே கோடை இரவில் வெளிக்காற்றின் ஈரம் 90 சதவீதத்தை எட்டும். அது ஃபேனைக் கிளப்பிவிடும். ஃபேன் இன்னும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். குளிர்ந்த டக்டுகளின் மேல் அந்த ஈரம் வியர்த்துச் சொட்டும். உங்கள் ஃபேனில் அது இருந்தால் அணைத்து வைத்துவிடுங்கள்.

சுவர் ஃபேனை நானே பொருத்துவது எப்படி?

காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதுக்குள் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் அட்டிக்கில் மயங்கி விழும் ஆபத்து உண்டு. கீழே ஒருவர் இருக்க வேண்டும், அவ்வப்போது குரல் கொடுக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்-95 முகக்கவசம், தண்ணீர். விட்டங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் இருப்பது வெறும் ஜிப்சம் பலகை, ஆளைத் தாங்காது. மண்டியிட ஒரு பிளைவுட் துண்டை விட்டங்களுக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஷிங்கிள் ஆணிகளின் கூர்முனைகள் தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். தொப்பி போட மறக்காதீர்கள்.

எந்தச் சுவர்? ஹூஸ்டனில் கோடைக்காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும், வளைகுடாப் பக்கமிருந்து வீசுகிறது. வடக்குச் சுவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எதிர்க்காற்றை முட்டித் தள்ளும் வேலை ஃபேனுக்கு இருக்காது.

முக்கால் அங்குல பிளைவுட்டில் லூவரை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு பலகை வெட்டி, ஃபேன் வளையத்தின் அளவுக்கு வட்டத் துளை போடுங்கள். சுவர்க் கட்டைகளுக்கு நடுவே மேலும் கீழும் ‘டூ-பை-ஃபோர்’ (2x4) அளவுக் கட்டைகளைக் குறுக்கே அடித்து, பலகையை அவற்றில் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். ஆணி அடித்தால் அதிர்வில் தளரும். ஃபேனின் கால்களுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் வளையம் வைத்தால், கீழே படுக்கையறையில் உறுமல் கேட்காது. மோட்டார் உடம்பில் காற்றின் திசைக்கு அம்பு போட்டிருக்கும். அது வெளியே பார்க்க வேண்டும். பலகைக்கும் லூவருக்கும் இடையே சுற்றிலும் உள்ள இடுக்குகளை அடையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் தள்ளிய காற்றே திரும்பி வந்து ஃபேனுக்குள் புகும். வெளியே கால் அங்குலக் கம்பிவலை இருக்கட்டும். அணிலும் குருவியும் வராது, கொசுவலை போலத் தூசி அடைக்கவும் செய்யாது.

பொருத்தியதும் தெர்மோஸ்டாட்டைக் கீழே திருப்பி ஃபேனை ஓடவைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது திறக்கும் ஷட்டர் மடல்கள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா? ஒரு டிஷ்யூ தாளை சோஃபிட் வென்டின் அடியில் பிடியுங்கள். மேலே ஒட்டிக்கொண்டால் காற்று வர வேண்டிய வழியில் வருகிறது. பிறகு ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மின் இணைப்பையும் நானே கொடுக்கலாமா?

வீட்டு ஒயரிங் செய்து பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். நகர அலுவலகத்தில் பெர்மிட் தேவையா என்று கேட்டுவிட வேண்டும். நீங்களே செய்வதென்றால், பிரேக்கரை இறக்கி, டெஸ்டரால் சோதித்த பிறகே ஒயரைத் தொடுங்கள். 15 ஆம்ப் சர்க்யூட்டுக்கு 14 கேஜ் ஒயர்; இணைப்புகள் எல்லாம் மூடிய பெட்டிக்குள்; வெற்றுச் செம்பு ஒயர் தரை இணைப்புக்கு. ஃபேன் கண்ணில் படும் தூரத்தில் ஒரு சுவிட்ச் வையுங்கள். பின்னாளில் பழுது பார்க்க வருபவர் கையை விடும்போது, கீழே யாரோ பிரேக்கரைப் போட்டுவிடக் கூடாது.

சூடு மிஞ்சினால் தானே நின்றுவிடும் பாதுகாப்புள்ள மோட்டாரும், பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யு.எல். முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தப் பாதுகாப்பில்லாத பழைய அட்டிக் மோட்டார்கள் இறுகி, சூடேறித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

ஸ்பிரே ஃபோம் அடித்த அட்டிக்கில் ஃபேன் வைக்கலாமா?

கூடாது. கூரைப் பலகையின் அடியில் நுரை அடித்த அட்டிக் வீட்டின் உட்பகுதியாகிவிட்டது. அங்கே வென்டும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா தங்கும் மாடி அறை மட்டும் வேகிறது. ஃபேன் உதவுமா?

மாடி முழுவதும் சூடு என்றால் அட்டிக்கைச் சந்தேகிக்கலாம். ஓர் அறை மட்டும் சூடென்றால் பெரும்பாலும் காரணம் வேறு. அந்த அறைக்குப் போகும் டக்ட் நசுங்கியிருக்கலாம், கழன்றே போயிருக்கலாம். அறைச் சுவரின் மறுபக்கம் அட்டிக்காக இருந்து, அந்தச் சுவரின் இன்சுலேஷன் சரிந்து விழுந்திருக்கலாம். கதவைச் சாத்தினால் ஏ.சி. காற்று திரும்பிப் போக வழியில்லாமல் இருக்கலாம். கதவைத் திறந்து வைத்து ஒரு பிற்பகல் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அட்டிக்கைத் தொட வேண்டியதில்லை. பெரியவர்கள் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களே மூன்று மணிக்கு அந்த அறையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

கொலு பொம்மைகளை அட்டிக்கில் வைத்திருக்கிறோம். ஃபேன் வைத்தால் காப்பாற்றலாமா?

காப்பாற்ற முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் அட்டிக் வெளிவெப்பத்துக்குக் கீழே இறங்காது. வெளியே 100 என்றால் உள்ளே அதற்கும் மேல்தான். காகிதக்கூழ் பொம்மையின் பசை இளகும். மண்பொம்மையின் வண்ணம், பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் செதில் செதிலாகப் பெயரும். பாட்டி காலத்து மரப்பாச்சியும் வெடிக்கும். வீட்டுக்குள் ஓர் அலமாரியின் மேல்தட்டை அவற்றுக்கு ஒதுக்குங்கள். அட்டிக்கின் விட்டங்கள் பல வீடுகளில் பொருள் சுமக்கக் கணக்கிட்டுப் போட்டவை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். கொலுப்படி இரும்பையும் அரிசி மூட்டையையும் அங்கே ஏற்றாதீர்கள்.

டொராண்டோ, மிச்சிகன் போன்ற குளிர் ஊர்களில்?

அங்கே பிரச்சினை குளிர்காலத்தில். நாம் தினமும் சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், ரசம் கொதிக்கவைக்கிறோம்; அந்த ஆவி சீலிங் ஓட்டைகள் வழியே ஏறி, உறைந்த கூரைப் பலகையின் அடியில் வெண்பனியாகப் படிகிறது. வெயிலடித்ததும் உருகிச் சொட்டும். வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார். பிறகு பூஞ்சை. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் வீட்டின் ஈரக்காற்றை இன்னும் வேகமாக மேலே இழுத்து நிலைமையைக் கெடுக்கும். ஓட்டைகளை அடைப்பதுதான் மருந்து. குளியலறை ஃபேனின் குழாயும் சமையலறைப் புகைக்கூண்டின் குழாயும் கட்டடத்துக்கு வெளியே போய் முடிகின்றனவா என்று பின்தொடர்ந்து பாருங்கள். அட்டிக்கிலேயே விட்டுவிட்டுப் போன கட்டுமானக்காரர்கள் இருக்கிறார்கள், அது விதிமீறல்.

1990-க்கு முந்தைய வீட்டில் இன்சுலேஷன், கூழாங்கல் போல மினுமினுப்பான பழுப்புத் துகள்களாக இருந்தால் கிளறாதீர்கள். அது வெர்மிகுலைட். அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அதில் கல்நார் கலந்திருந்தது. தகுதி பெற்ற நிறுவனத்தை அழையுங்கள்.

ஃபேன் வைத்த பிறகு என்ன பராமரிப்பு?

ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், பிரேக்கரை இறக்கிவிட்டு இறக்கைகளையும் ஷட்டரையும் துடைத்துவிடுங்கள். கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். உரசல் சத்தமோ கருகிய வாசனையோ வந்தால் அன்றே நிறுத்துங்கள். சூடு மிகுந்த இடத்தில் ஓடும் மோட்டார் பத்து ஆண்டைக் கடந்துவிட்டால், பழுதாகும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது. அந்தச் சமயத்தில் ஷிங்கிளும் மாற்ற வேண்டி வந்தால், முகடு நீளமான கூரைக்கு ரிட்ஜ் வென்ட் போட என்ன ஆகும் என்று கூரைக்காரரிடம் கேளுங்கள். அதையே போடுவதாக முடிவானால், பழைய ஃபேன் துளையைப் பலகை வைத்து மூடுவதையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள்.